அடித்தளக் கால்பந்துக்கு அரசு நிதி: எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது?

புதுடெல்லி: கோவாவில் 2025 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரிடம் 1-2 என்ற கோல் கணக்கில் தோற்ற இந்திய ஆடவர் கால்பந்து அணி, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. அடுத்த ஏழு வாரங்களுக்குள், நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, வலிமை வாய்ந்த ஈரானை 2-1 என வென்று தனது பிரிவின் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் மகளிர் பிரிவில் மூத்தோர், 20 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் ஆகிய மூன்று அணிகளும் தத்தமது ஆசியக் கோப்பைகளுக்குத் தகுதி பெற்றன.

பதினாறு வயதில் ஈரானுக்கு ஈடுகொடுக்கும் சிறுவர்கள், இருபத்தைந்து வயதில் சிங்கப்பூரைச் சமாளிக்கத் திணறுவது ஏன் என்ற கேள்வி இந்தியக் கால்பந்துக்குப் புதிதல்ல. பயிற்சி முறை, லீக் அமைப்பு, நிர்வாகச் சிக்கல் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது நிதி. பொதுப் பணம் எந்த வயதில், எதற்காக, எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு வீரரைச் சென்றடைகிறது என்பதைப் பார்த்தால், இடைவெளி எங்கே விழுகிறது என்பது விளங்கும்.

யாருடைய பொறுப்பு?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு, மாநிலப் பட்டியலின் 33வது இனத்தில் இடம்பெற்றுள்ளது. மைதானம், விளையாட்டு விடுதி, பள்ளிப் போட்டி ஆகியவை முதன்மையாக மாநில அரசுகளின் பொறுப்பு. தேசிய அணிகள், சர்வதேசப் போட்டிகள், தேசிய அளவிலான பயிற்சி மையங்கள் ஆகியவற்றுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகமும், 1984இல் நிறுவப்பட்ட இந்திய விளையாட்டு ஆணையமும் நிதி அளிக்கின்றன. ஆட்டத்தின் விதிகள், லீக்குகள், வீரர் பதிவு, பயிற்சியாளர் உரிமம் ஆகியவை அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் கையில் உள்ளன.

இந்த மூன்றாவது தரப்புதான் கால்பந்தைப் பிற துறைகளிலிருந்து வேறுபடுத்துகிறது. அரசு நிதி தரலாம். நிர்வாகத்தில் தலையிட முடியாது. உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழு கூட்டமைப்பை நடத்தி வந்த நிலையில், மூன்றாம் தரப்பின் தலையீடு எனக் கூறி 2022 ஆகஸ்டில் சர்வதேச கால்பந்து கூட்டமைப்பான ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. பத்து நாட்களுக்குப் பின் அந்தத் தடை நீங்கினாலும், எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது. எனவே, அடித்தளக் கால்பந்துக்கு அரசு செலவிட விரும்பினால், கூட்டமைப்பின் ஒத்துழைப்போடு அல்லது பள்ளி, ஊராட்சி, விளையாட்டு விடுதி போன்ற தனது சொந்த அமைப்புகள் வழியாகவே செலவிட வேண்டியுள்ளது.

மத்திய பட்ஜெட்டில் எவ்வளவு?

2025-26 மத்திய பட்ஜெட்டில் இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்துக்கு ரூ.3,794.30 கோடி ஒதுக்கப்பட்டது. இதில் கேலோ இந்தியா திட்டத்துக்கு ரூ.1,000 கோடி, இந்திய விளையாட்டு ஆணையத்துக்கு ரூ.830 கோடி, தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கு ரூ.400 கோடி. கடைசித் தொகையை ஐம்பதுக்கும் மேற்பட்ட கூட்டமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் கால்பந்து. ஆண்டுப் பயிற்சி மற்றும் போட்டி நாட்காட்டியை ஒவ்வொரு கூட்டமைப்பும் அமைச்சகத்திடம் சமர்ப்பிக்க, அதன் அடிப்படையில் உதவித்தொகை முடிவாகிறது. தேசிய அணிகளின் முகாம்களும் வெளிநாட்டுப் பயணங்களுமே இதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது வழக்கம்.

கேலோ இந்தியா திட்டம் பழைய மூன்று திட்டங்களை ஒன்றிணைத்து உருவானது. 2017 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு ரூ.1,756 கோடி ஒதுக்கியது. பின்னர் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ.3,165.50 கோடி ஒதுக்கப்பட்டது. திட்டத்தின் கீழ் தேர்வாகும் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம் செலவிடப்படுகிறது. இதில் மாதம் ரூ.10,000 வீதம் ரூ.1.20 லட்சம் கைச்செலவுக்காக வீரரிடம் நேரடியாகச் சேர்கிறது. எஞ்சிய தொகை பயிற்சி, உணவு, தங்குமிடம், உபகரணம், கல்வி ஆகியவற்றுக்குப் போகிறது.

தனிநபர் விளையாட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். மல்யுத்தத்திலோ வில்வித்தையிலோ ஒருவரை மட்டும் வளர்த்துப் பதக்கம் பெறலாம். கால்பந்தில் ஒரே வயதுப் பிரிவில் குறைந்தது 23 பேர் கொண்ட அணி தேவை. அதே ரூ.6.28 லட்சத்தை 23 பேருக்கும் செலவிட்டால், ஆண்டுக்கு ரூ.1.44 கோடி ஆகும். பதிமூன்று வயதில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் பயிலும் ஓர் அணிக்கு ரூ.7.22 கோடி. இத்தனைக்குப் பிறகும் அந்த அணியிலிருந்து இரண்டு அல்லது மூன்று பேர் தொழில்முறை ஆட்டக்காரர்களானாலே அது வெற்றிகரமான அகாடமி. பதக்கத்தை முன்வைத்துத் திட்டமிடும் எந்த நிதித்துறைக்கும் இந்தக் கணக்கு தயக்கத்தையே தரும்.

தயக்கம் இருப்பதற்குச் சான்றும் உண்டு. ஆசியத் தரவரிசையில் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லாத குழு விளையாட்டு அணிகளை ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அனுப்புவதில்லை என்ற விதியின் கீழ், 2023இல் கால்பந்து அணிகளுக்கு முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் அந்த ஆண்டு ஜூலை இறுதியில் விதியைத் தளர்த்தி அமைச்சகம் அனுமதி வழங்கியது.

பள்ளிக்கு வரும் பணம்

அகாடமிக்கு முன்பே குழந்தை பந்தைத் தொடும் இடம் பள்ளி. சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் அரசு தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000, உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிக்கு அதிகபட்சம் ரூ.25,000 விளையாட்டு மானியமாக வழங்கப்படுகிறது. தொடக்கப் பள்ளியின் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ரூ.417 கூட வருவதில்லை. எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்தே இந்தத் தொகை.

பந்து இல்லாத குறையைப் போக்க, மத்திய கல்வி அமைச்சகம், ஃபிஃபா, அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு ஆகியவை 2022 அக்டோபர் 30 அன்று 'பள்ளிகளுக்கான கால்பந்து' திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இதன்படி நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்கு லட்சக்கணக்கான பந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. கூட்டமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட 'விஷன் 2047' தொலைநோக்கு ஆவணம், இத்திட்டத்தின் மூலம் 2.5 கோடி குழந்தைகளையும் கிராம அளவிலான அடித்தளத் திட்டங்கள் மூலம் 3.5 கோடி குழந்தைகளையும் எட்டுவதை இலக்காகக் கொண்டுள்ளது.

பந்து வந்துவிட்டால் அதை வைத்து ஆடக் கற்றுத்தர ஆள் வேண்டும். ஆட ஓர் இடம் வேண்டும். ஆடிக் காட்ட ஒரு போட்டி வேண்டும். முதலாவது தேவைக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்க வேண்டும். அது மாநிலக் கல்வித் துறையின் சம்பளச் செலவு. இரண்டாவது ஊராட்சியின் நிலம். மூன்றாவது மாவட்டக் கால்பந்து சங்கத்தின் பொறுப்பு. மூன்றும் வெவ்வேறு கணக்குகளில் இருப்பதால், ஒன்று வந்து மற்றவை வராமல் போவது வாடிக்கையாகிவிட்டது.

மைதானத்துக்குப் பல வாசல்கள்

நிதி கிடைப்பதில் ஒப்பீட்டளவில் சிக்கல் குறைந்தது மைதானம்தான். கேலோ இந்தியாவின் உட்கட்டமைப்புப் பிரிவு தவிர, நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ.5 கோடி கிடைக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியையும் விளையாட்டு வசதிகளுக்குப் பயன்படுத்தலாம். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் விளையாட்டு மைதானம் அமைப்பது அனுமதிக்கப்பட்ட பணிகளில் ஒன்றாக இருந்து வந்தது. கேரளத்தில், 'ஓர் ஊராட்சிக்கு ஒரு மைதானம்' என்ற நோக்கில், மாநில விளையாட்டுத் துறை நிதியுடன் சட்டமன்ற உறுப்பினர் நிதியும் உள்ளாட்சி நிதியும் இணைக்கப்படுகின்றன.

கட்டுமானத்துக்குப் பணம் கிடைப்பதன் காரணம் எளிது. அது ஒருமுறைச் செலவு. திறப்பு விழா உண்டு. தணிக்கையில் காட்டக் கண்ணுக்குத் தெரியும் சொத்து உண்டு. பயிற்சியாளரின் சம்பளமோ ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு. புல்தரைக்கு நீர் பாய்ச்சுவதும், செயற்கைப் புல்விரிப்பைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் அத்தகைய செலவுகளே. இவற்றுக்குப் பொறுப்பேற்கும் கணக்குத் தலைப்பு இல்லாத இடங்களில் மைதானம் பூட்டிக் கிடக்கிறது, அல்லது வாடகைக்கு விடப்படுகிறது.

இந்தக் குறையை ஓரளவு போக்கும் நோக்குடன் உருவானவை மாவட்ட அளவிலான கேலோ இந்தியா மையங்கள். முன்னாள் சாதனையாளர் ஒருவரைப் பயிற்சியாளராக அமர்த்தி, தொடக்கத்தில் ஒருமுறை ரூ.5 லட்சமும், பின்னர் ஆண்டுதோறும் ரூ.5 லட்சமும் வழங்குவது இதன் ஏற்பாடு. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் என்பது மாதத்துக்கு சுமார் ரூ.41,600. பயிற்சியாளரின் ஊதியம், உதவியாளர், பந்து, சீருடை, போட்டிப் பயணம் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். தொகை சிறிதானாலும் மையத்தை ஒரு மனிதரைச் சுற்றி அமைப்பதால், அடித்தளக் கால்பந்தின் உண்மையான தேவைக்கு மிக அருகில் வரும் அரசுத் திட்டம் இதுவே எனலாம்.

பிசார்பூர் காட்டும் பாதை

அத்தகைய மனிதர் ஒருவர் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் உள்ள பிசார்பூர் கிராமம் சான்று. பழங்குடியினர் அதிகம் வாழும் இப்பகுதி ஒருகாலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. முன்னாள் வீரரான ரயீஸ் அகமது இங்குள்ள இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுத்தரத் தொடங்கியதையும், இன்று அக்கிராமம் 'மினி பிரேசில்' என அழைக்கப்படுவதையும் பிரதமர் மோடி 2023 ஜூலையில் 'மனதின் குரல்' உரையில் குறிப்பிட்டார். மாவட்டத்திலும் அதைச் சுற்றிலும் 1,200க்கும் மேற்பட்ட கால்பந்துக் கழகங்கள் உருவாகியிருப்பதாகவும் அவர் கூறினார். 2025இல் பிசார்பூரின் இளம் ஆட்டக்காரர்கள் சிலர் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் கழகத்துக்குப் பயிற்சி பெறச் சென்றனர்.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்தது, மண்டல நிர்வாகம் முன்னெடுத்த 'ஃபுட்பால் கிராந்தி' என்ற இயக்கம். பெரிய அரங்கம் எதுவும் கட்டாமல், ஊர் ஊராகக் கழகங்களை ஏற்படுத்தி அவற்றுக்கிடையே ஆட்டங்கள் நடத்துவதில் அது கவனம் செலுத்தியது. அதே வேளையில், இதுபோன்ற முயற்சிகள் ஓர் அதிகாரியின் ஆர்வத்தைச் சார்ந்திருப்பது அவற்றின் பலவீனம். அதிகாரி மாறும்போது ஆட்டங்களும் நின்றுவிடாமலிருக்க, அவை மாவட்டத்தின் நிலையான செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

உலகக் கோப்பைகள் விட்டுச் சென்றது

தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா நடத்திய இரண்டு உலகக் கோப்பைகள் எடுத்துக்காட்டுகின்றன. 2017 அக்டோபரில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக ஆறு நகரங்களின் மைதானங்கள் மேம்படுத்தப்பட்டன. 13,47,133 பேர் ஆட்டங்களைக் கண்டனர். அது அந்தப் போட்டியின் வரலாற்றில் புதிய உச்சம். அதையொட்டி 'மிஷன் லெவன் மில்லியன்' என்ற பெயரில் 1.1 கோடி குழந்தைகளிடம் ஆட்டத்தைக் கொண்டுசெல்லும் இயக்கமும் நடந்தது. 21 பேர் கொண்ட இந்திய அணியில் 8 பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோலை அடித்த ஜீக்சன் சிங்கும் அவர்களுள் ஒருவர்.

அந்த அணியினருக்குத் தொடர்ந்து ஆட்ட வாய்ப்பளிக்க, கூட்டமைப்பின் வளர்ச்சி அணியான இந்தியன் ஆரோஸ் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டு ஐ-லீக்கில் களமிறங்கியது. 2010இல் தொடங்கி 2013இல் கலைக்கப்பட்டிருந்த அவ்வணி, 2022இல் இரண்டாவது முறையாகக் கலைக்கப்பட்டது. ஒரு தலைமுறை வீரருக்குத் தேவைப்படும் பத்தாண்டுப் பொறுமையை அதன் எந்தப் பதிப்பும் பெறவில்லை.

2022 அக்டோபரில் நடைபெற்ற மகளிர் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அணித் தலைவி அஸ்தம் ஓராவ்ன் உட்படப் பலர் ஜார்க்கண்டின் எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மாநில அரசின் விடுதிப் பயிற்சி மையங்கள் இல்லாவிட்டால் அவர்களில் பலர் களத்தை எட்டியிருக்க மாட்டார்கள். உணவும் உறைவிடமும் பள்ளிப் படிப்பும் ஒரே இடத்தில் கிடைப்பது, மகளைத் தொலைதூரம் அனுப்பப் பெற்றோருக்குத் துணிவு தருகிறது. பெண்களுக்கான கேலோ இந்தியா 'அஸ்மிதா' லீக்குகள் கால்பந்திலும் நடத்தப்படுவது, விடுதிக்கு வெளியே உள்ள சிறுமிகளுக்கும் ஆட்டம் கிடைக்க வழி செய்கிறது.

கூட்டமைப்பின் கையிருப்பு

அரசின் உதவி ஏன் முன்னெப்போதையும் விட முக்கியமாகிறது என்பதற்குக் காரணம், வணிக வருவாயில் ஏற்பட்டுள்ள தேக்கம். 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு உரிம ஒப்பந்தத்தின் கீழ் கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு ரூ.50 கோடி கிடைத்து வந்தது. அது 2025 டிசம்பரில் முடிவடைந்தது. புதிய உரிமத்துக்கான ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவரும் முன்வராததால் இந்தியன் சூப்பர் லீக் பருவமும் தள்ளிப்போனது. உச்சியில் உள்ள லீக் தள்ளாடினால், கழகங்கள் முதலில் சிக்கனம் பிடிப்பது இளையோர் அணிகளில்தான் என்பதே கவலைக்குரியது.

மறுபுறம் ஃபிஃபாவின் 'ஃபார்வர்டு' திட்டம், 2023 முதல் 2026 வரையிலான நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் அதிகபட்சம் 80 லட்சம் டாலர் வரை வழங்குகிறது. ஒடிசா அரசுடன் இணைந்து புவனேஸ்வரின் கலிங்கா விளையாட்டு வளாகத்தில் உருவாக்கப்பட்ட ஃபிஃபா திறன் அகாடமியை 2023 நவம்பர் 21 அன்று ஆர்சென் வெங்கர் தொடங்கி வைத்தார். மாநில அரசின் மைதானமும் விடுதியும், கூட்டமைப்பின் தேர்வு முறையும், ஃபிஃபாவின் பயிற்சி அறிவும் ஒன்றுசேர்ந்த இம்மாதிரியை மற்ற மாநிலங்களும் கவனித்து வருகின்றன.

தனியார் நிறுவனங்களுக்கும் வழி உண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஊரக விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி இதில் அடங்கும். ராஞ்சியில் மத்திய நிலக்கரி நிறுவனமும் ஜார்க்கண்ட் அரசும் சேர்ந்து நடத்தும் விளையாட்டு அகாடமி இவ்வகைக் கூட்டுக்கு உதாரணம்.

வளர்த்தவருக்குத் திரும்பி வருமா?

ஐரோப்பிய அகாடமிகள் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம், வளர்த்த வீரர் பெரிய கழகத்துக்குச் செல்லும்போது பணம் திரும்பி வருவது. ஃபிஃபா விதிப்படி, சர்வதேச அளவில் வீரர் ஒருவர் கட்டணத்துக்கு மாற்றப்பட்டால், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு அத்தொகையில் 5 சதவீதம் பகிரப்படும். முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போது பயிற்சி ஈட்டுத்தொகையும் உண்டு.

இந்தியாவில் பெரும்பாலான சிறுவர்களை வளர்ப்பவை அரசுப் பள்ளிகள், விடுதிகள், ஊர்க் கழகங்கள். கூட்டமைப்பில் முறையாகப் பதிவு செய்யப்படாத வரை அவற்றுக்கு இந்தப் பணத்தில் உரிமை இல்லை. வீரரின் பெயர், பயின்ற ஆண்டுகள், சரியான வயது ஆகியவற்றைப் பதிவேட்டில் வைத்திருப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. எனினும் அதைச் செய்யாத விடுதி, தான் வளர்த்த வீரரின் வெற்றியைச் செய்தித்தாளில் படிப்பதோடு நின்றுவிடுகிறது. வயது மோசடியைத் தடுக்கவும் இத்தகைய பதிவேடே முதல் கருவி.

அடுத்து என்ன?

ஒருகாலத்தில் இந்தியக் கால்பந்துக்கு அரசு தந்த மிகப் பெரிய ஆதரவு மானியமாக வரவில்லை; வேலையாக வந்தது. ரயில்வே, ராணுவம், காவல் துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை வீரர்களுக்குச் சம்பளம் தந்து அணிகளை நடத்தின. ஹைதராபாத் நகரக் காவல் அணியை வளர்த்த எஸ்.ஏ.ரஹீமின் பயிற்சியில்தான் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. ஏழைக் குடும்பத்துச் சிறுவனுக்குக் கால்பந்து ஒரு பிழைப்பாகும் என்ற உறுதியை அந்த வேலைவாய்ப்பு தந்தது. இன்றும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பியே பல பெற்றோர் பிள்ளைகளை விடுதிகளுக்கு அனுப்புகின்றனர்.

கேலோ இந்தியாவின் தற்போதைய கட்டம் 2025-26 நிதியாண்டுடன் நிறைவடைகிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை, அடித்தட்டு முதல் உயர்நிலை வரை திறனை வளர்ப்பதை வலியுறுத்துகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்படி, தேசிய விளையாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளே மத்திய நிதிக்குத் தகுதி பெறும். அரசு மானியம் பெறும் அமைப்புகள் அந்தப் பணத்தைப் பொறுத்தவரை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் உட்படும். தங்கள் மாவட்டத்தின் இளையோர் கால்பந்துக்கு வந்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது எனக் கேட்பதற்குப் பெற்றோருக்கும் ஊர்க் கழகங்களுக்கும் இது ஒரு வழியைத் திறக்கிறது.

அடுத்த கட்டத் திட்டம் வரையப்படும்போது, புதிய மைதானங்களின் எண்ணிக்கையுடன் வேறு மூன்று எண்களும் கணக்கில் வர வேண்டும் என்பதே இதுவரையிலான அனுபவம் தரும் பாடம். ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் எத்தனை பேர், 13 வயதுச் சிறுவரும் சிறுமியும் ஓராண்டில் ஆடும் போட்டி ஆட்டங்கள் எத்தனை, ஒரு விடுதியில் சேர்ந்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஆட்டத்தில் நீடிப்பவர்கள் எத்தனை பேர் என்பனவே அவை. அகமதாபாத்தில் ஈரானை வென்ற சிறுவர்களுக்கு 2031இல் இருபத்திரண்டு வயது ஆகியிருக்கும். அவர்கள் அப்போது எந்த நிலையில் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்பதை இந்த மூன்று எண்களே பெருமளவு தீர்மானிக்கும்.